பன்னிரண்டாவது ஆள்

2013 டிசம்பர். நான் போலந்துக்கு வந்து நாலு மாதம்தான் ஆகியிருந்தது. வ்ரோத்ஸ்வாஃப் நகரத்தில் வேலை, ஒற்றை அறை வீடு, நாலு மணிக்கெல்லாம் இருட்டிவிடும் குளிர்காலம். அலுவலகத்தில் கூட வேலை பார்த்த பெண் ஒருநாள், "24-ம் தேதி சாயங்காலம் என்ன செய்யப்போகிறாய்?" என்று கேட்டாள். ஒன்றுமில்லை என்றேன். "அப்படியானால் எங்கள் வீட்டுக்கு வா, பாட்டி உன்னைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறார்" என்றாள். அந்தப் பாட்டி என்னைப் பார்த்ததே இல்லை.

காரணம் எனக்குத் தெரிந்தது மூன்று வருடம் கழித்து, அந்தப் பெண்ணையே கல்யாணம் செய்துகொண்ட பிறகு. அந்த வருடம் அவர்கள் வீட்டு மேஜையில் 11 பேர். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் இரவு விருந்தில் ஒற்றைப்படையில் உட்காரக்கூடாது, உட்கார்ந்தால் அடுத்த வருடத்துக்குள் அந்த மேஜையில் ஒருவர் குறைவார் என்பது பாட்டியின் நம்பிக்கை. அவருக்கு எப்படியாவது ஒரு பன்னிரண்டாவது ஆள் வேண்டியிருந்தது. என் குடும்ப வாழ்க்கையே ஒரு பாட்டி தலை எண்ணியதில் இருந்துதான் தொடங்கியது. அதனால்தானோ என்னவோ, இந்தப் பழக்கங்களை வெறும் வேடிக்கையாக என்னால் பார்க்க முடிவதில்லை.

அந்த இரவுக்கு விகிலியா என்று பெயர். விழித்திருத்தல் என்ற பொருள் உள்ள லத்தீன் சொல்லில் இருந்து வந்தது. போலந்துக்காரர்களுக்கு 25-ம் தேதியைவிட இந்த 24-ம் தேதி ராத்திரிதான் பெரிது. பகலெல்லாம் பெரிதாக எதுவும் சாப்பிட மாட்டார்கள். குழந்தைகள் ஜன்னலில் மூக்கை ஒட்டிக்கொண்டு முதல் நட்சத்திரத்தைத் தேடுவார்கள், அது தெரிந்த பிறகுதான் மேஜைக்குப் போவது. மேஜைவிரிப்புக்கு அடியில் காய்ந்த புல் பரப்பியிருக்கும், இயேசு பிறந்த தொழுவத்தின் நினைவாக. மேலே 12 வகைப் பதார்த்தம், இறைச்சி கிடையாது. ஆள் கணக்குக்கு மேல் ஒரு தட்டு காலியாக இருக்கும்.

முதல் வருடம் அந்தக் காலித் தட்டு எனக்கு வைத்தது என்று நினைத்து அங்கே போய் உட்காரப் போனேன். பாட்டி என் கையைப் பிடித்துப் பக்கத்து நாற்காலியில் உட்காரவைத்தார். கூப்பிட்டு வந்த விருந்தாளிக்குத் தனித் தட்டு, காலித் தட்டு கூப்பிடாமல் கதவைத் தட்டப்போகிறவருக்கு. அதோடு, இந்த வருடம் வர முடியாதவர்களுக்கு, இனி வரவே முடியாதவர்களுக்கும்தான். அது தலைக்கணக்கில் சேராது.

முதல் முறை போகிறவர்கள் கவனிக்க வேண்டியது ஒப்வாத்தெக். மாவும் தண்ணீரும் மட்டும் சேர்த்துச் செய்த, காகிதம் மாதிரி மெல்லிய வெள்ளை அப்பம், மேலே கிறிஸ்து பிறப்பின் படம் அச்சாகியிருக்கும். சாப்பாட்டுக்கு முன்னால் ஆளுக்கொன்றைக் கையில் எடுத்துக்கொண்டு எழுந்து, ஒவ்வொருவரும் மற்ற ஒவ்வொருவரிடமும் போய், அவர் அப்பத்தில் ஒரு துணுக்கு நாம் உடைத்து, நம்முடையதில் அவர் உடைத்து, சாப்பிட்டு, கண்ணைப் பார்த்து வாழ்த்துச் சொல்ல வேண்டும். 12 பேர் என்றால் மொத்தம் 66 ஜோடி. "கிறிஸ்துமஸ் வாழ்த்துகள்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு நகர்வது அங்கே சரிப்படாது, அந்த ஆளுக்கு என்ன தேவையோ அதைச் சொல்ல வேண்டும். முழங்கால் வலி இருப்பவருக்கு முழங்கால், பரீட்சை எழுதுகிற பெண்ணுக்குப் பரீட்சை. வருடம் முழுக்கப் பேசாமல் இருந்த இரண்டு பேர் அந்த ஒரு நிமிடத்தில் அழுதுகொண்டு நிற்பதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன். அதனால் போவதற்கு முன்னாலேயே யார் யார் வருகிறார்கள் என்று கேட்டு, ஒவ்வொருவருக்கும் ஒரு வரியை மனதில் தயார் செய்துகொண்டு போங்கள். மொழி சரியாக வராவிட்டாலும் ஆரோக்கியம் என்ற ஒரு சொல் தெரிந்தால் போதும், 'ஸ்த்ரோவ்யா' என்பார்கள். கிராமங்களில் மாடு குதிரைக்கென்று நிறம் போட்ட அப்பம் தனியாக உண்டு. அன்று நடுராத்திரி விலங்குகள் மனிதர் மாதிரிப் பேசும் என்று ஒரு நம்பிக்கை. எங்கள் வீட்டில் அந்த ரோஸ் நிற அப்பம் இப்போது நாய்க்குப் போகிறது.

இனி விஷயத்துக்கு வருகிறேன். என் மனைவியின் குடும்பம் இரண்டு ஊர்க் குடும்பம். பாட்டி, அதாவது மாமியாரின் அம்மா, அவரை எல்லாரும் பாப்ச்சா என்போம், இன்று உக்ரைனில் இருக்கும் தார்னோபோல் பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர். 1945-ல் எல்லை மேற்கே நகர்ந்தபோது அங்கிருந்த போலந்துக்காரர்கள் ஏராளமானோர் சரக்கு ரயிலில் கிளம்பி, அதுவரை ஜெர்மனியாக இருந்த கீழ்ச் சிலேசியாவுக்கு, அதாவது வ்ரோத்ஸ்வாஃப் இருக்கும் பகுதிக்கு, வந்து குடியேறினார்கள். அப்போது பாப்ச்சாவுக்கு ஏழு வயது. மாமனார் குடும்பமோ ஒபோலே பக்கத்துச் சிலேசியர்கள், தலைமுறை தலைமுறையாக அதே மண்ணில் இருப்பவர்கள். ஆக எங்கள் மேஜையில் இரண்டு இனிப்புகள் எதிரும் புதிருமாக இருக்கும். கிழக்கிலிருந்து வந்த குத்யா ஒன்று: கோதுமை, கசகசா, தேன், வால்நட். சிலேசியர்களின் மகூஃப்கி இன்னொன்று: ரொட்டித் துண்டுகளைப் பாலில் நனைத்துக் கசகசாவோடு அடுக்கடுக்காக வைப்பது. இரண்டிலும் கசகசாதான், ஆனால் 'எங்கள் வீட்டு முறை' என்று வந்துவிட்டால் யாரும் விட்டுக்கொடுக்க மாட்டார்கள். இது தவிர மாமனார் வீட்டு மோச்கா வேறு, இஞ்சி கேக்கைக் கரைத்து உலர்பழமும் பாதாமும் போட்டுச் செய்யும் குழம்பு மாதிரியான இனிப்பு. குழந்தைகளுக்குப் பரிசு கொண்டுவருவது யார் என்பதிலும் இரண்டு பதில். மாமனாருக்குக் குழந்தை இயேசு, மாமியாருக்குப் புனித நிக்கொலாஸ்.

கல்யாணமான புதிதில் எல்லாவற்றுக்கும் "ஏன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். மேஜைக் கால்களை ஏன் சங்கிலியால் சுற்றிக் கட்டுகிறீர்கள்? ஆப்பிளை ஏன் குறுக்காக வெட்டுகிறீர்கள்? பதில் ஒன்றுதான்: "எப்போதும் அப்படித்தான்." கொஞ்சம் அலுப்போடு வரும் பதில். இரண்டு வருடம் கழித்துத்தான் கேள்வியை மாற்றினேன். "உங்கள் அம்மா இதை எந்தப் பாத்திரத்தில் செய்வார்?", "சங்கிலி எங்கே இருக்கும், யார் எடுத்து வருவது?", "அந்தச் சமயத்தில் அப்பா என்ன செய்துகொண்டிருப்பார்?" அவ்வளவுதான், பாப்ச்சா பேச ஆரம்பித்துவிட்டார். சங்கிலி மாட்டுத் தொழுவத்தில் இருந்து வரும், குடும்பம் பிரியாமல் இருக்க மேஜையைக் கட்டுவது, அப்பா ஒரு கரண்டி குத்யாவை விட்டத்தை நோக்கி வீசுவார், எத்தனை பருக்கை ஒட்டுகிறதோ அந்த அளவுக்கு விளைச்சல், ஒருமுறை அது அத்தை தலையில் விழுந்து வீடே சிரித்தது, 1944-ல் வீசக் கோதுமையே இல்லை. "ஏன்" என்று கேட்டுக் கிடைக்காதது எல்லாம் "எப்படி" என்று கேட்டபோது கிடைத்தது. உங்கள் வீட்டுப் பெரியவர்களிடமும் இப்படிக் கேட்டுப் பாருங்கள்.

இரண்டாவது பாடம் அளவு. 2017-ல் குத்யா செய்முறையை எழுதிக்கொள்ள நோட்டும் பேனாவுமாகப் பக்கத்தில் நின்றேன். "கோதுமை போதுமான அளவு, கசகசா அதற்கு ஏற்ற மாதிரி, தேன் பார்த்து." இதை வைத்துக்கொண்டு என்ன செய்வது? அடுத்த வருடம் வேறு வழி பிடித்தேன். அவர் கசகசா அரைக்கும் மண்சட்டிக்கு மாகுத்ரா என்று பெயர், உட்பக்கம் முழுக்க வரி வரியாகச் சொரசொரப்பு, மரக்குழவியால் சுற்றிச் சுற்றி அரைக்க வேண்டும். அவருடைய அம்மா 1945 ரயிலில் தலையணை உறைக்குள் சுற்றி எடுத்து வந்த சட்டி அது. அதன் அடியில் சமையலறைத் தராசை வைத்தேன். அவர் ஒவ்வொரு கை அள்ளிப் போடும்போதும் எண்ணை மட்டும் குறித்துக்கொண்டேன், இடையில் நிறுத்தி எதுவும் கேட்கவில்லை. கணக்கு இப்படி வந்தது: கோதுமை 500 கிராம், கசகசா 300, தேன் 200, வால்நட் 150, உலர்திராட்சை 100. அதோடு போனை அலமாரியில் சாய்த்து வைத்து ஒன்றரை மணி நேரம் வீடியோ எடுத்தேன். அவர் முகத்தை எடுக்கவில்லை, கையை மட்டும். முகத்துக்கு நேரே காட்டினால் கூச்சப்பட்டு வேறு மாதிரிச் செய்வார், கையை எடுத்தால் போன் இருப்பதையே மறந்துவிடுவார்.

செய்ய நினைப்பவர்களுக்குச் சில குறிப்புகள். கோதுமை தோல் நீக்கியதாக இருக்க வேண்டும், நம் மாவுக் கோதுமையைப் போட்டால் எவ்வளவு வேகவைத்தாலும் தோல் பல்லில் மாட்டும். முந்தின ராத்திரியே ஊறவைத்து, பருக்கை வெடிக்கும் வரை வேகவைத்து நன்றாக ஆறவிடுங்கள். கசகசா இங்கே நீலச் சாம்பல் நிறம், வெந்நீர் ஊற்றி மூடிவைத்து, வடிகட்டி, இரண்டு மூன்று தடவை அரைக்க வேண்டும், வெள்ளையாகப் பால் கசியும்வரை. நம்மூர் வெள்ளைக் கசகசாவில் ஒருமுறை செய்து பார்த்தேன், சாப்பிட நன்றாகத்தான் இருந்தது, ஆனால் பாப்ச்சா ஒரு வாய் எடுத்துவிட்டு "இது உங்கள் ஊர்ப் பாயசம்" என்று சொல்லிவிட்டார். ஒரு எச்சரிக்கையும் உண்டு: துபாய் வழியாக வருகிறவர்களிடம் கசகசா கொடுத்தனுப்பாதீர்கள், ஐக்கிய அரபு எமிரேட்ஸில் அது தடை செய்யப்பட்ட பொருள்.

விகிலியா மேஜைக்கு வரும் பீட்ரூட் சூப்புக்கான புளிப்பு நீரையும் இப்படியே முன்கூட்டித் தொடங்க வேண்டும். பீட்ரூட், பூண்டு, பிரியாணி இலை, உப்பு போட்டுக் காய்ச்சி ஆறிய தண்ணீரை ஊற்றி ஐந்திலிருந்து ஏழு நாள். பீட்ரூட் தண்ணீருக்கு மேலே தலை நீட்டினால் பூஞ்சை பிடித்துவிடும், மேலே ஒரு சின்னத் தட்டைப் போட்டு அமுக்கி வையுங்கள். இதில் மிதக்கும் சின்னச் சின்னக் கொழுக்கட்டைக்கு உஷ்கா, அதாவது குட்டிக் காது என்று பெயர். உள்ளே இருக்கும் காளான் இலையுதிர் காலத்தில் குடும்பத்தோடு காட்டுக்குப் போய்ப் பறித்து, நூலில் கோத்து உலர்த்தியது. தெரியாமல் நீங்களாகப் பறித்துச் சாப்பிட்டுவிடாதீர்கள், ஆளைக் கொல்லும் காளான்கள் அதே காட்டில்தான் முளைக்கின்றன. சந்தேகம் வந்தால் அரசின் சுகாதார நிலையங்களில் காளான் நிபுணர்கள் இலவசமாகப் பார்த்துச் சொல்வார்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பயப்பட வேண்டாம். போலந்தின் பெரிய விருந்துகளிலேயே நமக்கு ரொம்ப வசதியானது விகிலியாதான். மீனைத் தவிர்த்துவிட்டால் முட்டைக்கோஸ், பட்டாணி, காளான், உலர்பழத் தண்ணீர் என்று வயிறு நிறைந்துவிடும். 12 வகையிலும் ஒரு வாயாவது ருசிக்க வேண்டும் என்பது வழக்கம், மீன் வேண்டாம் என்பதை அன்று மேஜையில் சொல்லாமல் இரண்டு வாரம் முன்பே வீட்டுக்காரர்களிடம் சொல்லிவிடுங்கள். வெறுங்கையோடு போகாதீர்கள். இன்னொன்று, பாதிச் சாப்பாட்டில் எழுந்து நடமாடக்கூடாது, பாப்ச்சாவுக்கு அது கெட்ட சகுனம். போனை அணைத்துக் கோட்டுப் பையிலேயே விட்டுவிடுவது நல்லது.

மீன் என்றால் கெண்டை. போருக்குப் பிறகு, மற்ற மீன் கிடைக்காத காலத்தில் அரசுப் பண்ணைகளின் கெண்டைதான் எல்லார் வீட்டு மேஜைக்கும் வந்து பழக்கமானது. வ்ரோத்ஸ்வாஃபுக்கு வடக்கே மிலிச் குளங்கள் இருக்கின்றன, இடைக்காலத்தில் சிஸ்டர்சியன் துறவிகள் தொடங்கிய மீன் வளர்ப்பு இன்றும் அங்கே நடக்கிறது. என் மனைவி சின்னப் பிள்ளையாக இருந்தபோது மீனை உயிரோடு வாங்கி வந்து குளிக்கும் தொட்டியில் இரண்டு மூன்று நாள் விட்டுவைப்பார்களாம். பிள்ளைகள் அதற்குப் பெயர் வைத்து, ரொட்டி போட்டு, பிறகு 24-ம் தேதி அதைச் சாப்பிட மாட்டேன் என்று அழுவார்கள். இந்த வழக்கம் போனதில் எனக்கு வருத்தமே இல்லை, மீன் படும் பாடு கொஞ்சமில்லை. பல பெரிய கடைகள் உயிருள்ள மீன் விற்பதையே நிறுத்திவிட்டன. ஆனால் செதில் வழக்கம் மட்டும் அப்படியே நிற்கிறது. ஒரு பெரிய செதிலைக் கழுவி, காகிதத்தில் வைத்து நன்றாக உலர்த்தி, பர்ஸில் போட்டுக்கொண்டால் வருடம் முழுக்கப் பணம் தங்கும். என் பர்ஸிலும் ஒன்று இருக்கிறது, ஒவ்வொரு வருடமும் மாமனார் புதிதாகக் கொடுப்பார்.

ஆப்பிள் வெட்டுவதும் மாமனார் வேலைதான். குறுக்காக வெட்டினால் நடுவில் விதைகள் நட்சத்திரமாகத் தெரியும். நட்சத்திரம் முழுசாக இருந்தால் அந்த வருடம் ஆரோக்கியம். அதை எட்டாகவோ பத்தாகவோ துண்டு போட்டு எல்லாருக்கும் கொடுத்துவிடுவார். சாப்பாடு முடியும்போது விரிப்புக்கு அடியில் கைவிட்டு ஆளுக்கொரு புல் உருவ வேண்டும், நீளமாக வந்தால் நீண்ட ஆயுள், பச்சையாக வந்தால் கல்யாணம். 2013-ல் எனக்கு வந்தது பச்சை. பாப்ச்சா அதை என் கையிலிருந்து வாங்கி, எதுவும் பேசாமல் பேத்தியிடம் காட்டினார்.

ஈஸ்டரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதில்தான் எனக்குத் தனியாக ஒரு வேலை கிடைத்தது. ஒபோலே பக்கத்தில் முட்டையை வெங்காயத்தோலில் வேகவைத்துச் செம்பழுப்பாக்கி, கத்தி முனையால் சுரண்டிச் சுரண்டிப் பூவும் இலையும் வரைவார்கள். மாமனார் அதை எனக்குக் கற்றுக்கொடுத்தார். முதல் வருடம் ஒன்பது முட்டை உடைந்த பிறகு ஒன்று தேறியது. கத்தியை அசைக்காமல் முட்டையைத் திருப்ப வேண்டும் என்பதுதான் சூட்சுமம். சனிக்கிழமை அந்த முட்டை, ரொட்டி, உப்பு, காரமான ஒரு வேர், இறைச்சி எல்லாம் கூடையில் வைத்து, கோயிலில் மந்திரித்து வந்து, ஞாயிறு காலை முட்டையைத் துண்டு போட்டு ஒப்வாத்தெக் மாதிரியே வாழ்த்திச் சாப்பிடுவார்கள். அந்த ஓட்டைக் குப்பையில் போடக்கூடாது, தோட்டத்து மண்ணில் தூவ வேண்டும். அதற்கு முந்தின ஞாயிறு, அதாவது குருத்தோலை ஞாயிறு அன்று, மந்திரித்த வில்லோ மரக் கிளையில் இருக்கும் பஞ்சு மொட்டு ஒன்றை விழுங்கினால் தொண்டை வலி வராது என்பார்கள். பெரியவர்கள் விழுங்கட்டும், சின்னப் பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள், என் மகளுக்கு அது தொண்டையில் ஒட்டிக்கொண்டு ஒருநாள் எல்லாரும் நடுங்கிவிட்டோம். திங்கட்கிழமை தண்ணீர் ஊற்றும் நாள், காலையில் கதவைத் திறக்கும்போதே யாராவது வாளியோடு நிற்பார்கள். இந்த விருந்தில் சைவக்காரர்களுக்கு வழி குறைவு, கையோடு ஏதாவது செய்து எடுத்துப் போங்கள்.

பாப்ச்சா 2021 அக்டோபரில் போய்விட்டார். அந்த வருடம் மேஜையில் காலித் தட்டு வைத்தபோது மாமியார் அதைக் கொஞ்ச நேரம் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். குத்யா என் நோட்டிலிருந்து வந்தது. முதல் வாய் எடுத்ததும் மச்சினன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துபோய் ஜன்னல் பக்கம் நின்றான், சகுனம் பற்றி யாரும் எதுவும் சொல்லவில்லை. அளவு சரியாக வந்திருக்கிறது என்று எனக்கு அப்போது தெரிந்தது.

ஆனால் ஒன்று தப்பிவிட்டது. மேஜைக் காலில் சங்கிலி சுற்றும்போது பாப்ச்சா வாய்க்குள் ஏதோ முணுமுணுப்பார். நாலைந்து வரி இருக்கும், பாட்டும் இல்லை ஜெபமும் இல்லை, அவர் ஊர்ப் பேச்சு. அதை யாரும் எழுதிக்கொள்ளவில்லை. நான் வருடாவருடம் பக்கத்தில் நின்று சங்கிலியின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன், கேட்கத் தோன்றவில்லை. மாமியாருக்கு முதல் இரண்டு சொற்கள் மட்டும் நினைவிருக்கிறது. சமையல் போகாது, எங்காவது கிடைத்துவிடும். வேலை செய்யும்போது வாயில் வருகிற சொல்தான் முதலில் போகிறது. உங்கள் வீட்டில் அப்படி யாராவது முணுமுணுத்தால், அன்றைக்கே, பாத்திரம் கழுவும்போதாவது கேட்டு வாங்கிவிடுங்கள். போனில் படம் எடுப்பதைவிடக் குரல் பதிவு இதற்கு நல்லது, மேஜையில் வைத்துவிட்டால் யார் கண்ணிலும் படாது.

2025 முதல் 24-ம் தேதியே அரசு விடுமுறை ஆகிவிட்டது. பெரிய கடைகள் நாள் முழுக்க மூடியிருக்கும், அதனால் வாங்குவதெல்லாம் 23-க்குள் முடிய வேண்டும். நல்லதுதான், 24 காலையில் எல்லாருக்கும் சமையலறையில் கை கொடுக்க நேரம் கிடைக்கிறது. இப்போது விருந்து எங்கள் வீட்டில், மாகுத்ராவும் எங்களிடம் வந்துவிட்டது. போன விகிலியாவில் நாங்கள் எட்டுப் பேர். ஆறு வயது மகள் சங்கிலியைக் கேட்டு வாங்கிக்கொண்டு மேஜைக்கு அடியில் புகுந்தாள். "என்ன சொல்லிக்கொண்டே சுற்ற வேண்டும்?" என்று உள்ளேயிருந்து கேட்டாள். நானும் மாமியாரும் ஒருவரையொருவர் பார்த்தோம். மாமியார் நினைவிருந்த அந்த இரண்டு சொற்களைச் சொன்னார், அதற்குமேல் தெரியாது என்றார். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு ஒவ்வொரு காலைச் சுற்றும்போதும் அவள் ஒவ்வொருவர் பெயராகச் சொல்ல ஆரம்பித்தாள், தாத்தா, பாட்டி, அம்மா, அப்பா, மாமா, நாய், சென்னையில் இருக்கும் என் அம்மா, கடைசியில் பாப்ச்சா.

ராத்திரி எல்லாரும் தூங்கிய பிறகு அந்த இரண்டு சொற்களையும், அதற்குக் கீழே அவள் சொன்ன பெயர்களை அதே வரிசையிலும் நோட்டில் எழுதி, தேதி போட்டு வைத்தேன்.